இரயிலேறி அறிவியல் காணச் செல்வோம்

(தோட்ட மண்டபமொன்றில் பெற்றோர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளின் கல்வியைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற வேண்டும் என்று இம்மன்றத்தார் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். கல்வியின் பெருமையைப் பற்றி நீங்கள் கேளாத சொற்பொழிவு இல்லை. ஆதலின், பெருமையைப் பேசாமல், ஒரே ஒரு நாளைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அந்த ஒரு நாளில், குடும்பத்தோடு இரயிலேறித் தலைநகருக்குச் சென்று, ஓர் அறிவியல் காட்சியகத்தைக் கண்டு, இரவுக்குள் வீடு திரும்புவது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

"இதற்கு ஓர் உரை வேண்டுமா? நினைத்தால் புறப்பட வேண்டியதுதானே?" என்று சிலர் எண்ணலாம். நினைத்தவுடன் புறப்பட்டுப் பட்ட பாட்டினை நாமே அனுபவித்திருக்கிறோம். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகிறோம். உறவினர் திருமணத்துக்குப் போகிறோம். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறோம். இவற்றுக்கெல்லாம் காசு சேர்க்கிறோம், நாள் குறிக்கிறோம், கூட்டமாகச் செல்கிறோம். பிள்ளையின் அறிவுக்கென்று ஆண்டில் ஒரு நாள் குறித்த குடும்பங்கள் எத்தனை? குறை கூறுவதற்காக இதனைக் கேட்கவில்லை. அப்படியொரு நாள் நம்மால் முடியும் என்பதை எடுத்துக்காட்டவே கேட்கிறோம்.

முதலாவது: நாள்

பால்மரம் வெட்டுபவருக்கு நாள் என்றால் கூலி. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, நிரையை முடித்து, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்தால்தான் அன்றைய வருமானம். ஒரு நாள் போனால் எவ்வளவு போகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே கூலி போகாத நாளையே முதலில் தேட வேண்டும்.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தின்படி, தீபகற்ப மலேசியாவில் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. ஆண்டில் 11 பொது விடுமுறை நாள்களுக்குச் சம்பளம் உண்டு. இவற்றைத் தவிர, சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பும் உண்டு. ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 8 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு உட்பட்டவருக்கு 12 நாள். ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் செய்தவருக்கு 16 நாள். இது யாரும் இரங்கிக் கொடுப்பதன்று, உரிமை. இவ்விடுப்பில் ஒரு நாளைப் பிள்ளைகளுக்காக எடுத்துவைக்க முடியாதா? முன்கூட்டியே கிராணியாரிடம் சொல்லிவிட்டால், கடைசி நேரத்தில் மண்டோரோடு வாக்குவாதம் செய்யும் நிலையும் வராது. மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறையும் மாதங்களில் விடுப்பு எடுத்தால் இழப்பும் குறைவு.

இப்போது நாம் பட்ட பாட்டினைச் சொல்வோம். தோட்டப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்தபோது, பதினெட்டுப் பிள்ளைகளையும் எட்டுப் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு தலைநகரில் ஒரு காட்சியகத்துக்குப் புறப்பட்டோம். பேருந்தேறி, இரயிலேறி, வெயிலில் நடந்து வாசலை அடைந்தபோது கதவு பூட்டியிருந்தது. அன்று திங்கட்கிழமை. வாரத்தில் அந்த ஒரு நாள் அங்கே விடுமுறை. கொண்டுபோன புளிச்சோற்றை ஒரு மரத்தடியில் உண்டுவிட்டுத் திரும்பினோம். பிள்ளைகள் அதையும் விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு தாயார் இரயிலில் நம்மருகே வந்து, "சார், முன்னாடியே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?" என்றார். அவர் அன்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர். அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை.

ஆகவே முதல் விதி இதுதான்: நாளைக் குறித்தவுடன், அந்த நாளில் காட்சியகம் திறந்திருக்கிறதா, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்பதைக் கேட்டறியுங்கள். பல காட்சியகங்கள் திங்கட்கிழமையில் மூடப்படுகின்றன. இன்று வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசியேனும் உண்டு. படித்த பிள்ளையிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும். புறப்படும் முதல் நாளும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது: எங்கே போவது?

கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தின் அடியில் உள்ள சூரியா கே.எல்.சி.சி. கட்டடத்தின் நான்காம் மாடியில் பெட்ரோசைன்ஸ் என்னும் அறிவியல் காட்சியகம் இருக்கிறது. பெட்ரோனாஸ் நிறுவனம் அமைத்த இது 1999இல் திறக்கப்பட்டது. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் எங்கிருந்து வருகின்றன, கடல் நடுவே மேடை அமைத்து அவற்றை எப்படி எடுக்கிறார்கள் என்பன போன்ற செய்திகளைத் தொட்டும் திருப்பியும் இயக்கியும் பார்க்கும் வகையில் அங்கே அமைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் "தொடாதே" என்று எழுதிய இடமன்று. தொட்டுப் பார்ப்பதற்கென்றே உள்ள இடம்.

"எண்ணெய்க்கும் நமக்கும் என்ன உறவு?" என்று நீங்கள் கேட்கலாம். நெருங்கிய உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரில் 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனபின், நம் ரப்பர் கிடைக்காமல் திண்டாடிய அமெரிக்கா, செயற்கை ரப்பரைப் பேரளவில் செய்யத் தொடங்கியது. அச்செயற்கை ரப்பருக்கு இன்று முதற்பொருள் பெட்ரோலிய எண்ணெய்தான். நீங்கள் மங்கில் பிடிக்கும் பாலுக்கு உலகச் சந்தையில் போட்டியாக நிற்பது அதுவே. நம் ரப்பரின் விலை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உள்ள காரணங்களில் எண்ணெயின் விலையும் ஒன்று. ஆகவே அங்கே போவது, நம் போட்டியாளரின் வீட்டைப் போய்ப் பார்த்து வருவது போன்றது!

மூன்றாவது: பாதை

இந்நாட்டின் முதல் இருப்புப்பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை போடப்பட்டது. அவ்வூருக்கு இன்று கோலா செப்பேத்தாங் என்று பெயர். அதன்பின் நாடெங்கும் பாதை அமைத்த வேலையில் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் பெரும்பங்கு கொண்டனர். அவர்கள் சுமந்த தண்டவாளத்தின் மீதுதான் நாம் சீட்டெடுத்துப் பயணம் செய்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்கு இரயிலிலேயே சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட மனத்தில் பதியும்.

வடக்கே தஞ்சோங் மாலிம், கோலா குபு பாரு, ராசா, பத்தாங் காலி, செரண்டா, ரவாங் வட்டாரங்களில் உள்ளவர்கள் கொமுட்டர் இரயிலில் ஏறினால் நேரே கே.எல். சென்ட்ரலில் இறங்கலாம். தெற்கே பூலாவ் செபாங், ரெம்பாவ், செனவாங், சிரம்பான், நீலாய் பகுதியினருக்கும் அவ்வாறே. கிள்ளான் பக்கத்தவர்களுக்கும் நேர்வண்டி உண்டு. ஈப்போ, கோலாகங்சார், தைப்பிங் முதலிய ஊர்களிலிருந்து வருபவர்கள் 2010இல் தொடங்கிய இ.டி.எஸ். விரைவு இரயிலில் வரலாம். ஈப்போவிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பயணம். இ.டி.எஸ். வண்டியில் இருக்கைக்கு எண் உண்டு. விடுமுறைக் காலத்தில் சீட்டு விரைவில் தீர்ந்துவிடும். ஆதலின் போகவும் வரவும் சேர்த்து முன்பதிவு செய்துவிடுங்கள். கொமுட்டரில் முன்பதிவு இல்லை. இடம் கிடைத்தவர் அமரலாம்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கியபின், கிளானா ஜெயா தடத்தின் எல்.ஆர்.டி. இரயிலுக்கு மாற வேண்டும். கோம்பாக் நோக்கிச் செல்லும் வண்டியில் ஏறுங்கள். பசார் செனி, மஸ்ஜித் ஜாமெக், டாங் வாங்கி, கம்போங் பாரு ஆகிய நான்கு நிலையங்களைக் கடந்து, ஐந்தாவதாகிய கே.எல்.சி.சி.யில் இறங்குங்கள். நிலையத்திலிருந்து சுரங்க வழியாகவே கட்டடத்துக்குள் சென்றுவிடலாம். இந்த எல்.ஆர்.டி. வண்டிக்கு ஓட்டுநர் இல்லை. கணினியின் கட்டுப்பாட்டில் தானே ஓடுகிறது. முன்பெட்டியில் இடம் கிடைத்தால் பிள்ளைகளைக் கண்ணாடியருகே நிறுத்துங்கள். காட்சியகத்துக்குப் போகுமுன்னரே அறிவியல் பாடம் தொடங்கிவிடும்.

வழியில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கொமுட்டர் இரயிலில் 2010 முதல் பெண்களுக்கென்று தனிப்பெட்டி இருக்கிறது. ஆண்கள் அறியாமல் அதில் ஏறிவிட வேண்டாம். குடும்பமாகச் செல்பவர்கள் பொதுப் பெட்டியில் ஒன்றாக ஏறுவதே நலம். எல்.ஆர்.டி.யில் உண்ணவோ பருகவோ கூடாது. டுரியான் பழத்தைக் கொண்டுபோய்த் தலைநகரத்து உறவினருக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். நகரும் படிக்கட்டில் சிறு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மென்மையான ரப்பர்ச் செருப்பு ஓரத்தில் சிக்கிக்கொள்ளும். மஞ்சள் கோட்டுக்கு உள்ளே காலை வைக்கச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் பிள்ளை தவறிவிட்டால்? எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நிறச் சட்டை அணிவியுங்கள். பெயரும் தகப்பனாரின் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளைச் சட்டைப்பையில் வையுங்கள். "எங்களைக் காணாவிட்டால் ஓடாதே, நின்ற இடத்திலேயே நில், சீருடை அணிந்தவரிடம் சொல்" என்று மும்முறை சொல்லிப் பழக்குங்கள். பெரியவர்களுக்கு அடையாள அட்டையும் சிறியவர்களுக்கு மைகிட் அட்டையும் கையில் இருக்க வேண்டும். கட்டணச் சலுகை கேட்கும்போது அவை தேவைப்படும்.

நான்காவது: காசு

ஐவர் கொண்ட குடும்பத்துக்கு இரயில் சீட்டு, நுழைவுச் சீட்டு, ஒரு வேளை உணவு, கைச்செலவு ஆகிய நான்கு கணக்குகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால், புறப்படும் மாதத்தில் கேட்டறிந்து எழுதுவதே சரி. வாரம் 10 வெள்ளி எடுத்துவைத்தால் 12 வாரத்தில் 120 வெள்ளி சேரும். 15 வெள்ளி எடுத்துவைத்தால் அதே 12 வாரத்தில் 180 வெள்ளி. பால் மாவுத் தகரத்தில் துளையிட்டு உண்டியல் செய்து, அதைப் பிள்ளைகளின் பொறுப்பில் விடுங்கள். சனிக்கிழமைதோறும் காசைப் போட்டு, எவ்வளவு சேர்ந்தது, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று அவர்களே கணக்கு எழுதட்டும். கூட்டலும் கழித்தலும் இதைவிட ஆர்வத்தோடு எந்தப் பிள்ளையும் போட்டதில்லை.

உணவை வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். புளிச்சோறும் அவித்த முட்டையும் நண்பகல் வரை கெடாமல் இருக்கும். கட்டடத்தின் பின்புறம் 50 ஏக்கர் பரப்புள்ள பூங்கா உண்டு. அங்கே மர நிழலில் அமர்ந்து உண்ணலாம். உண்ட இடத்தைத் துப்புரவாக விட்டுவருவது நம் மதிப்பைக் காக்கும். அங்கிருந்தே 452 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கலாம், அதற்குக் காசில்லை. பல மாடிக் கடைகளின் பக்கம் பிள்ளைகளை அழைத்துச் செல்லுமுன், "இன்று வாங்க வரவில்லை, பார்க்க வந்தோம்" என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். அங்கே போய்ப் பேசினால் அழுகையில்தான் முடியும்.

ஐந்தாவது: உள்ளே சென்றபின்

அன்பர்களே, இதுவே நாம் சொல்ல வந்தவற்றுள் தலையாயது. பூட்டிய கதவைக் கண்டு திரும்பிய பின், அடுத்த ஆண்டு மறுபடியும் அதே பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். இம்முறை நாளைக் கேட்டறிந்தே சென்றோம். வாசலில் சீட்டு வாங்கும்போது ஒரு தகப்பனார் மட்டும் பின்வாங்கினார். "நீங்க புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போங்க சார். அங்க எனக்கு என்னா தெரியும்? நான் மரம் வெட்டுறவன்" என்று சொல்லி, வெளியே இருந்த நாற்காலியில் அமர்ந்துவிட்டார். நாமும் வற்புறுத்தவில்லை. அது நம் பிழை.

உள்ளே, பொருள்கள் யாவும் நுண்ணிய துகள்களால் ஆனவை என்பதை விளக்கும் ஒரு பகுதியில், நீர்மம் எப்படித் திடமாகிறது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அந்தத் தகப்பனாரின் மகள் கையை உயர்த்தி, "பால்ல திராவகம் ஊத்துனா ஏன் சார் கட்டியாவுது?" என்று கேட்டாள். பயிற்சிக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற நமக்கு விடை தெரியவில்லை. ஒரு கணம் நின்றோம். பிறகு வெளியே சென்று அவளுடைய தகப்பனாருக்கு ஒரு சீட்டு வாங்கி உள்ளே அழைத்து வந்தோம்.

அவர் முதலில் தயங்கினார். மகள் கேட்டதைச் சொன்னதும் பேசத் தொடங்கினார். "திராவகம் ஊத்தாட்டியும் கட்டியாவும். மழத்தண்ணி விழுந்தா, மங்கு கழுவாம அழுக்கா இருந்தா, ஸ்டோருக்கு வர்றதுக்குள்ளயே திரிஞ்சிடும். அது திரியாம இருக்கத்தான் அமோனியா ரெண்டு சொட்டு விடுறோம். திராவகம் திரிய வைக்கும், அமோனியா திரியாமக் காக்கும்" என்றார். பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மூடும் நேரம் வரை ஒவ்வொரு காட்சிக்கும் அவரைக் கையைப் பிடித்து இழுத்துச் சென்றார்கள்.

ஊர் திரும்பியபின் நூல்களைத் தேடிப் படித்து மீதியை அறிந்துகொண்டோம். பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள் ஒவ்வொன்றையும் மெல்லிய புரதப் படலம் போர்த்தியிருக்கிறது. அப்படலத்தில் எதிர் மின்னூட்டம் உள்ளது. ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளும். ஆதலால் துகள்கள் ஒட்டாமல் மிதக்கின்றன. ஃபார்மிக் அமிலம் என்னும் திராவகத்தை ஊற்றினால் அம்மின்னூட்டம் அழிகிறது. துகள்கள் நெருங்கி ஒட்டிக் கட்டியாகின்றன. அழுக்கு மங்கில் உள்ள கிருமிகளும் அமிலத்தை உண்டாக்குகின்றன; அதனால் பால் தானே திரிகிறது. அமோனியா கிருமியை அடக்கி, அமிலத்தையும் மாற்றிவிடுகிறது. அந்தத் தகப்பனார் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

இதுபோல் நீங்கள் அறிந்தவை எத்தனை! விடியுமுன் வெட்டினால் பால் மிகுதியாக வடிகிறது என்பது உங்களுக்குத் தெரியும். காரணம், இரவில் மரத்தினுள் நீரின் அழுத்தம் மிகுந்திருக்கிறது. வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக விடுவதால் அழுத்தம் குறைகிறது. வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது உங்கள் உளிக்குத் தெரியும். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே சாய்ந்து செல்வதால், அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். மிக ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும், பட்டை சரியாக வளராது என்பதை மண்டோர் சொல்லி அறிந்திருப்பீர்கள். மரத்தைச் சாகடிக்காமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர் ஆராய்ந்து பரப்பினார். அவருடைய அறிவியலை நாள்தோறும் கையால் செய்பவர்கள் நீங்கள். 1877இல் இப்பகுதிக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் சில கோலாகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அவ்வூரில் நிற்கிறது. அறிவியல் நமக்கு அயலூர்ச் சரக்கன்று.

ஆகவே, காட்சியகத்தின் வாசலில் எந்தத் தாயும் தந்தையும் வெளியே அமர்ந்துவிடக் கூடாது. எழுத்துத் தெரியாவிட்டால் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தகப்பனுக்குப் படித்துக் காட்டும் பிள்ளை இருமுறை கற்கிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓட வேண்டாம். ஐந்து காட்சிகளை நின்று பார்த்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வியை வீட்டிலிருந்தே எழுதிக் கொண்டுவரட்டும். விடை கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் பள்ளியில் ஆசிரியரைக் கேட்கட்டும். ஆசிரியருக்கும் தெரியாவிட்டால், நம்மைப் போல் அவரும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்!

திரும்பும் வண்டியின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கடைசி வண்டியை நம்பியிராமல், அதற்கு முந்தியதையே நம் வண்டியாக வைத்துக்கொள்வது நல்லது. நிலையத்திலிருந்து தோட்டத்துக்குப் பேருந்து இல்லாத ஊர்களில், நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொண்டால் செலவும் குறையும், பயமும் இராது. மறுநாள் விடியற்காலை மரத்துக்குப் போக வேண்டியவர்கள் நாம் என்பதை மறக்கலாகாது.

வீடு வந்தபின், லயத்து வாசலில் பாட்டியையும் அண்டை வீட்டாரையும் உட்காரவைத்து, பிள்ளைகள் கண்டதைச் சொல்லட்டும். தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் மாறிவிட்ட இக்காலத்தில், நம் பிள்ளைகள் எந்த வேலைக்குச் செல்வார்கள் என்று நம்மால் இன்றே சொல்ல முடியாது. எந்த வேலைக்குச் சென்றாலும், "இது ஏன்?" என்று கேட்கும் துணிவு அவர்களுக்கு வேண்டும். நம் மாணவி அன்று கேட்டது அத்தகைய ஒரு கேள்விதான்.

இன்றிரவே நாட்காட்டியை எடுத்து ஒரு நாளைக் குறியுங்கள். அந்த நாள் திங்கட்கிழமையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.